வினாவுக்குள் ஒளிந்திருக்கும் விடை

சாட்சிக் கூண்டில் நிற்பவர் தாம் கண்டதைச் சொல்கிறார். நியாயவாதி வினாக்களால் அதனை வெளிக்கொணர்கிறார். பொதுவாக நாம் கொண்டுள்ள எண்ணம் இதுவே. ஆனால் வினாவே சாட்சியின் நினைவை மாற்றிவிடக்கூடுமாயின்?

அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்து உளநூலறிஞர் எலிசபெத் லொஃப்டஸும் ஜோன் பாமரும் இதுபற்றிய ஆராய்ச்சியொன்றை 1974இல் வெளியிட்டனர். மோட்டார் விபத்துக்களைக் காட்டும் 7 சிறு படங்களை 45 மாணவர் பார்த்தனர். பின்னர் வண்டிகளின் வேகம் வினவப்பட்டது. வினா ஒன்றே, வினைச்சொல் மட்டும் வேறு. "மோதி நொறுங்கியபோது" என்று பொருள்படக் கேட்கப்பட்டோர் சொன்ன வேகம் சராசரி மணிக்கு ஏறக்குறைய 41 மைல். "தொட்டுக்கொண்டபோது" என்று கேட்கப்பட்டோர் சொன்னதோ 32 மைல்.

வேகம் வெறும் ஊகந்தானே, நினைவு எங்கே மாறியது என்று கூர்மையான மாணவர் கேட்பர். கேட்கவேண்டிய கேள்விதான். வேறு 150 பேரைக் கொண்டு நடத்திய இரண்டாவது சோதனையில், படம் பார்த்து ஒரு வாரம் சென்றபின், "உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா?" என்று கேட்டனர். படத்தில் உடைந்த கண்ணாடி இல்லவே இல்லை. எனினும் முன்னர் "நொறுங்கியபோது" என்ற சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர் கண்டோம் என்றனர்! "மோதியபோது" என்று மட்டும் கேட்ட 50 பேரில் அவ்வாறு கூறியோர் 7 பேரே. பொய் சொல்ல இவர்களுக்கு யாதொரு காரணமும் இருக்கவில்லை.

நமது சான்றுக் கட்டளைச் சட்டம் 1895ஆம் ஆண்டிலேயே இவ்வாபத்தை ஓரளவு உணர்ந்திருந்தது. விரும்பும் விடையைச் சுட்டிக்காட்டும் வினாவை, சாட்சியை அழைத்த தரப்பார், எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால், நீதிமன்றின் அனுமதியின்றிக் கேட்கலாகாது. குறுக்கு விசாரணையிலோ தாராளமாகக் கேட்கலாம். எதிர்த்தரப்புச் சாட்சி எளிதில் வளைந்து கொடார் என்பது கருத்துப் போலும். ஆனால் "நொறுங்கியபோது" என்ற ஒரு சொல்லை எந்த நியாயவாதி எழுந்து ஆட்சேபிப்பார்? அன்றியும், வழக்கு மன்றுக்கு வருமுன்னரே பொலீசாரும் உறவினரும் அயலாரும் எத்தனையோ வினாக்களைக் கேட்டு முடித்திருப்பர்.

ஜூரிமாரின் நிலை இன்னும் கடினமானது. சாட்சியின் நினைவை அவர்கள் பார்க்க முடியாது. அவர் பேசும் உறுதியையே பார்க்கிறார்கள். அவ்வுறுதியும் மாறக்கூடியதே. கரி வெல்ஸ் என்பாரும் துணைவரும் 1981இல் வெளியிட்ட ஆய்விலே, பாவனைத் திருட்டொன்றைக் கண்ட சாட்சிகள் சிலருக்கு, குறுக்கு விசாரணையில் எவ்வாறான வினாக்கள் வருமென முன்கூட்டியே கூறித் தயார்செய்தனர். அதனால், ஆளைத் தவறாக அடையாளங்காட்டியவர்களின் உறுதியே பெரிதும் உயர்ந்தது. அவ்வாறு தயார்செய்யப்பட்டோரின் சாட்சியத்தைக் கேட்ட பாவனை ஜூரிமார், எதிரியைக் குற்றவாளியெனத் தீர்ப்பதில் கூடிய நாட்டங் காட்டினர்.