திரையில் தெரியும் மூலக்கூறு

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

நீரின் மூலக்கூறு எப்படி இருக்கும் என்று கேட்டால், நம்மில் எவரும் கரும்பலகையில் வளைந்த உருவம் ஒன்றை வரைந்து 104.5 பாகை என்று எழுதிவிடுவோம். துறைக் கருத்தரங்கில் அதைக் கணிப்பொறித் திரையில் சுழற்றிக் காட்ட எண்ணி, முதல்நாள் மாலை ஒத்திகை பார்த்தேன். தெரிந்ததோ ஒன்றோடொன்று ஒட்டாத மூன்று உருண்டைகள்! கோணத்தை அளந்தேன். 104.5 பாகை சரியாகவே இருந்தது. ஆகவே மென்பொருளில்தான் கோளாறு என்று முடிவு கட்டினேன். அது எவ்வளவு பெரிய தவறு என்பதை விளக்குவதே இக்கட்டுரை.

எண்களே மூலக்கூறு

ஜேமோல், அவகாட்ரோ போன்ற மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. அவை தாமாக எதையும் வரைவதில்லை. நாம் கொடுக்கும் கோப்பைப் படித்தே வரைகின்றன. கோப்பு வகைகளுள் மிக எளியது எக்ஸ்.ஒய்.இசட். என்பது. முதல் வரியில் அணுக்களின் எண்ணிக்கை. இரண்டாம் வரியில் குறிப்பு. பிறகு அணுவுக்கு ஒரு வரி. நீருக்குரிய கோப்பு இவ்வளவுதான்:

3
நீர்
ஆக்சிஜன் 0.000 0.000 0.000
ஹைட்ரஜன் 0.757 0.586 0.000
ஹைட்ரஜன் -0.757 0.586 0.000

உண்மைக் கோப்பில் தனிமங்களின் பெயருக்குப் பதில் குறியீடுகள் இருக்கும். எண்கள் ஆங்ஸ்ட்ராம் அலகில் அமைந்தவை. பிதாகரஸ் தேற்றத்தின்படி கணக்கிட்டால் பிணைப்பின் நீளம் 0.957 ஆங்ஸ்ட்ராம் என வரும்.

இக்கோப்பில் பிணைப்பைப் பற்றி ஒரு சொல்லேனும் உண்டா? இல்லை. அப்படியானால் திரையில் குச்சி எங்கிருந்து வருகிறது? மென்பொருள் ஊகிக்கிறது. ஆக்சிஜனின் சகப்பிணைப்பு ஆரம் 0.66, ஹைட்ரஜனுடையது 0.31, கூட்டினால் 0.97. இதனுடன் சற்றுத் தளர்வு, எடுத்துக்காட்டாக 0.45, சேர்த்தால் 1.42 ஆகிறது. இரண்டு அணுக்களும் இத்தூரத்திற்குள் இருந்தால் குச்சி, இல்லையேல் இல்லை.

நான் எடுத்த எண்களோ குவாண்டம் கணக்கீடு ஒன்றிலிருந்து வந்தவை. போர் அலகில் இருந்தவை. ஒரு போர் என்பது 0.529 ஆங்ஸ்ட்ராம். அலகை மாற்றாமல் கொடுத்ததால் பிணைப்பு 1.81 ஆங்ஸ்ட்ராம் என நீண்டுவிட்டது, குச்சி மறைந்தது. அலகு மாறினாலும் கோணம் மாறாது அல்லவா? அதுதான் என்னை ஏமாற்றியது. மென்பொருள் மீது குற்றமில்லை.

சட்டியில் இல்லாதது

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள். இங்கோ சட்டியில் இல்லாததும் வருகிறது. சோடியம் குளோரைடு படிகத்தில் இரு அயனிகளுக்கு இடையே 2.82 ஆங்ஸ்ட்ராம். சோடியத்தின் ஆரம் 1.66, குளோரினுடையது 1.02, தளர்வு 0.45; மொத்தம் 3.13. உடனே குச்சி விழுந்துவிடும். அயனிப் பிணைப்புக்குத் திசையில்லை என்று வகுப்பில் படிக்கிறோம்; திரையில் பார்ப்பவர் அதைச் சகப்பிணைப்பு என்றே எண்ணுவார்.

மோல் என்னும் கோப்பு வகையில் இக்குறை இல்லை. அணுக்களின் பட்டியலுக்குப் பின் பிணைப்புகளின் பட்டியலும் உண்டு. எந்த அணுவோடு எந்த அணு, ஒற்றையா இரட்டையா என்று எழுதியிருக்கும். ஆனால் பென்சீனை எழுதும்போது பெரும்பாலும் ஒற்றை, இரட்டை என்று மாறி மாறி எழுதுகிறார்கள். அதே கோப்பின் ஆயத்தொலைவுகளை அளந்தால் ஆறு பிணைப்புகளும் 1.39 ஆங்ஸ்ட்ராம்தான்! பட்டியல் ஒன்று சொல்ல, எண்கள் வேறொன்று சொல்கின்றன. நாம் நம்ப வேண்டியது எண்களையே.

எண்பது கட்டங்கள்

புரதங்களுக்கு உரியது பி.டி.பி. வகை. 1971இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் ஏழே கட்டமைப்புகளுடன் தொடங்கிய புரதத் தரவு வங்கியினுடையது இது. அக்காலத் துளையட்டைக்கு ஏற்ப வரிக்கு 80 கட்டங்கள். முதல் ஆயத்தொலைவு 31 முதல் 38 வரையுள்ள கட்டங்களில்தான் இருக்க வேண்டும். ஓர் இடைவெளி கூடினால் எண் பிசகிவிடும். அணுவின் வரிசை எண்ணுக்கு ஐந்தே கட்டங்கள். ஆகவே 99,999க்கு மேல் இடமில்லை.

சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், ரைபோசோம் ஆய்வுக்காக 2009இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவர் குழு 2006இல் வெளியிட்ட முழு ரைபோசோமின் கட்டமைப்பு ஒரே கோப்பில் அடங்கவில்லை. பல கோப்புகளாகப் பிரிக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு மதிப்புக்கும் பெயர் சொல்லி எழுதும், கட்ட எல்லையற்ற சி.ஐ.எஃப். வகையின் வழிவந்த கோப்பு 2014இல் வங்கியின் முதன்மை வடிவமான பின்னரே, இத்தகைய பெரிய மூலக்கூறுகள் ஒரே கோப்பில் ஒன்றுசேர்ந்தன.

முடிவாக

ஓப்பன் பேபல் என்னும் மென்பொருள் நூற்றுக்கும் மேற்பட்ட கோப்பு வகைகளை ஒன்றிலிருந்து ஒன்றாக மாற்றித் தருகிறது. எனினும் மோல் கோப்பை எக்ஸ்.ஒய்.இசட். ஆக மாற்றினால் பிணைப்புப் பட்டியல் போய்விடும். திரும்ப மாற்றும்போது வருவது ஊகமே.

ஆகவே நண்பர்களே, திரையில் அழகாகச் சுழலும் படத்தைக் கண்டதும் மூன்று கேள்விகள் கேளுங்கள். அலகு எது? பிணைப்பு எழுதப்பட்டதா, ஊகிக்கப்பட்டதா? ஹைட்ரஜன்கள் அளந்து அறியப்பட்டவையா, பின்னர் சேர்க்கப்பட்டவையா? கருத்தரங்கில் நான் மூன்று உருண்டைகளையே முதலில் காட்டினேன். பிறகு அலகை மாற்றிக் குச்சிகளை வரவழைத்தேன். சரியான படத்தை மட்டும் காட்டியிருந்தால் இத்தனை கேள்விகள் எழுந்திருக்கமாட்டா.