கிறிஸ்துமஸ் மரம் பிப்ரவரியில் காய்வது ஏன்? அராகேரியா வளர்ப்போர் கவனத்துக்கு

டிசம்பரில் நர்சரிக்குப் போய் ‘கிறிஸ்துமஸ் ட்ரீ’ என்று கேட்டால், பெரும்பாலும் எடுத்துத் தருவது அராகேரியா கன்றைத்தான். தட்டுத் தட்டாக விரிந்த கிளைகளுடன் அழகாக இருக்கும். பண்டிகை முடிந்து இரண்டு மாதத்தில், “தினமும் தண்ணி ஊத்துறேன், அப்பவும் காயுதே” என்ற புலம்பல் தொடங்கிவிடும்.

தினமும் ஊற்றுவதுதான் பல வீடுகளில் பிரச்சினையே. விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஓர் அங்குல ஆழம் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். தொட்டியின் அடியில் நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். அடுத்தது இடம். ஏசி அறையின் வறண்ட காற்றில் இலை நுனிகள் பழுப்பேறும். இருட்டு மூலையில் கிளைகள் தொங்கிப்போகும். காலை வெயில் விழும் பால்கனி நல்லது. அதற்காக, மாதக்கணக்கில் உள்ளே இருந்த செடியை ஒரே நாளில் மொட்டை மாடிக்குத் தூக்காதீர்கள், கருகிவிடும். நிழலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும்.

உயரமாகிவிட்டதே என்று நுனியைக் கிள்ளுவதுதான் பெரிய தவறு. இந்த மரத்தின் அழகு முழுக்க நடுத்தண்டின் நுனியில் இருக்கிறது. அது போனால் பழைய கோபுர வடிவம் திரும்புவது கடினம். உதிர்ந்த அடிக்கிளை இருந்த இடத்தில் புதுக்கிளையும் வராது. பக்கக் கிளையை வெட்டி நட்டு வேர் பிடித்தாலும், அது நிமிராமல் படுத்தபடியே வளரும். அதனால்தான் விதையிலிருந்தோ நுனித்தண்டிலிருந்தோ கன்று எடுக்கிறார்கள்.

பெயரில் ‘பைன்’ இருந்தாலும் இது பைன் குடும்பம் அல்ல. 1774இல் கேப்டன் குக் கண்ட நார்ஃபோக் தீவுதான் ‘நார்ஃபோக் பைன்’ இனத்தின் தாயகம். அந்தப் பெயரில் விற்கப்படும் கன்றுகளில் பல, உண்மையில் நியூ கலிடோனியாவின் ‘குக் பைன்’. இதற்கு ஒரு விநோத குணம் உண்டு: நிலநடுக்கோட்டை நோக்கிச் சாயும். 2017இல் வெளியான ஓர் ஆய்வு, சராசரிச் சாய்வு 8 டிகிரிக்கு மேல் என்கிறது. நம் ஊரில் வளர்ந்த மரம் தெற்கே சாய்ந்தால் நட்டவரைத் திட்ட வேண்டாம்!

தரையில் நடுவதானால் சுவர், மின்கம்பியை விட்டுத் தள்ளி நடுங்கள். தொட்டியில் சாதுவாக நிற்கும் இந்தக் கன்று, சொந்த மண்ணில் 50 மீட்டர் தாண்டும் மரம்.