மூன்று ஆண்டுகள் ஓடிய ஒரு கோல்ஃப் சீசன்

2020 மார்ச் முதல் வாரம். ஷா ஆலம் கோத்தா பெர்மாய் மைதானத்தில் மலேசிய ஓபன் கோல்ஃப் போட்டி. நான்கு சுற்று ஆடவேண்டிய போட்டி, வானிலை கெட்டதால் மூன்று சுற்றோடு முடிந்தது. மூன்று பேர் சமநிலையில் நின்றார்கள். கூடுதல் ஆட்டத்தில் அமெரிக்கரான திரெவர் சிம்ஸ்பி வென்றார். முதல் பரிசை அவர் வாங்கிக்கொண்டார், மற்றவர்கள் பையைக் கட்டினார்கள்.

மார்ச் 18ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. ஆசியன் டூர் அதற்குப் பிறகு ஒரு போட்டியை நடத்தியது 2021 நவம்பர் 25ஆம் தேதிதான். இடையில் ஏறத்தாழ 20 மாதம். அந்த டூரை நம்பிப் பிழைத்தவர்களுக்கு அங்கிருந்து ஒரு காசு வரவில்லை.

கோல்ஃப் பணக்காரர் விளையாட்டு, அதில் இருப்பவருக்கு என்ன குறை என்று தோன்றலாம். கிளப்பில் உறுப்பினராக இருப்பவர் வேறு, கோல்ஃப் ஆடிப் பிழைப்பவர் வேறு. பின்னவருடைய நிலை பால்மரம் வெட்டியவர்களுக்கு உடனே புரியும். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. தோட்டத்திலாவது மழை ஒரு நாளில் விட்டுவிடும்.

ஆசியன் டூர் என்பது ஆசிய நாடுகளில் வாரத்துக்கு ஓர் ஊராகப் போய் நடக்கும் தொழில்முறைப் போட்டிகளின் வரிசை. முதல் சீசன் 1995இல் நடந்தது. இப்போது அதன் தலைமையகம் சிங்கப்பூரின் செந்தோசாவில் இருக்கிறது. ஆட்டக்காரர் யாரும் அதன் சம்பள ஊழியர் இல்லை. விமான டிக்கெட், ஹோட்டல், சாப்பாடு, பையைத் தூக்கும் கேடிக்குக் கூலி எல்லாம் அவரவர் கைக்காசு. விளம்பரதாரர் கிடைத்தவருக்குப் பாரம் குறையும். கிடைக்காதவர் அப்பாவின் சேமிப்பிலோ கடனிலோ ஓட்டவேண்டும்.

ஒரு போட்டியில் வழக்கமாக 140, 150 பேர் ஆடுவார்கள். வியாழன், வெள்ளி இரண்டு சுற்று முடிந்ததும் ஒரு கோடு போடுவார்கள். அதற்குக் ‘கட்’ என்று பெயர். முதல் 65 இடங்களில் இருப்பவர்களும் 65ஆம் இடத்தைச் சமமாகப் பிடித்தவர்களும் சனி, ஞாயிறு ஆடலாம். மற்றவர்களுக்குப் பரிசுப் பணம் கிடையாது. பேங்காக்குக்கோ ஜகார்த்தாவுக்கோ செலவழித்துப் போய், இரண்டு நாள் ஆடி, ஒரே ஓர் அடியில் கோட்டைத் தவறவிட்டு வெறுங்கையோடு திரும்புவது அங்கே வாராவாரம் நடப்பது. பாதிப் பேருக்கு மேல் அப்படித்தான் திரும்புகிறார்கள்.

கோட்டைத் தாண்டியவர்களுக்கும் பணம் சமமாகப் பிரிவதில்லை. மொத்தப் பரிசு 10 லட்சம் அமெரிக்க டாலர் என்றால், முதலாவதாக வந்தவருக்கு அதில் 18 விழுக்காடு, அதாவது 1 லட்சத்து 80 ஆயிரம். கடைசியில் நிற்பவருக்குச் சில ஆயிரம்தான். அதிலும் பல நாடுகளில் வரியைப் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள், கேடிக்கும் ஒரு பங்கு போகும். ஆக, நாலு நாளும் நன்றாக ஆடியவர்கூட அந்த வாரச் செலவைக் கழித்தால் கணக்கு நேராகிவிட்டதே என்று பெருமூச்சு விடும் இடம் அது.

இதில் ஜெயிப்பதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. அது கார்டு. ஆசியன் டூரில் ஆட உரிமை தருவது அதுதான். அப்போது ஆண்டு முழுவதும் யார் எவ்வளவு பரிசுப் பணம் சம்பாதித்தார் என்று ஒரு பட்டியல் ஓடியது. அதை ‘ஆர்டர் ஆஃப் மெரிட்’ என்பார்கள். சீசன் முடிவில் அதில் ஏறக்குறைய முதல் 60 இடங்களுக்குள் இருப்பவருக்கு அடுத்த ஆண்டும் வேலை உண்டு. அதற்குக் கீழே போனவர் தகுதிச் சுற்றுக்குப் போய்ப் புதியவர்களோடு மறுபடி மோதவேண்டும். அதனால் நவம்பர், டிசம்பரில் கோப்பைக்கு ஆடுகிறவர்களைவிட 58ஆம் இடத்துக்கும் 62ஆம் இடத்துக்கும் நடுவே தத்தளிப்பவர்களைப் பார்ப்பதுதான் நெஞ்சைப் பிசையும். அவர்களைத் தொலைக்காட்சி காட்டுவதில்லை.

இந்தப் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் மலேசியர் கேவின் கிரீன். அது 2017இல். அந்த ஆண்டு இந்திய ஓபனில் இரண்டாவதாக வந்தார், தைவான் மாஸ்டர்ஸை வென்றார். அவருக்கு முன்பே டானி சியா 2002இல் தைவானில் வென்று, ஆசியன் டூரில் கோப்பை தூக்கிய முதல் மலேசியரானார். சிங்கப்பூரின் மர்டான் மாமாட் கேடியாக இருந்து ஆட்டக்காரரானவர். 2004இல் இந்திய ஓபனை வென்றார். நம்மவர்களில் எம். ராமையா, பி. குணசேகரன் போன்றவர்கள் மலேசியத் தொழில்முறை கோல்ஃபில் பெயர் எடுத்தவர்கள்.

மீண்டும் 2020க்கு வருவோம். போட்டிகள் நின்றபோது பட்டியல் பாதியில் நின்றது. நான்கைந்து போட்டிக் கணக்கை வைத்துக்கொண்டு யாருடைய கார்டையும் பறிக்கமுடியாது. டூர் ஒரு முடிவெடுத்தது: ஆண்டு மாறினாலும் சீசன் மாறாது. 2020, 2021, 2022 மூன்றும் சேர்ந்து ஒரே சீசன் ஆனது. வேலை போகவில்லை என்பது ஆறுதல். ஆனால் வேலை இருந்தும் வேலைக்குப் போகமுடியாது. பயிற்சி செய்யலாம் என்றால் மைதானமும் பூட்டிக் கிடந்தது.

எல்லாருக்கும் ஒரே மாதிரி அடி விழவில்லை. சொந்த நாட்டில் போட்டி நடந்தவர்கள் தப்பித்தார்கள். தென் கொரியாவில் உள்நாட்டு டூர் 2020 ஜூலையிலேயே தொடங்கிவிட்டது. அங்கே 18 வயதுப் பையன் ஒருவன் ஒரு போட்டியை வென்றான். கிம் ஜூ ஹியூங் என்பது பெயர். குழந்தையாக இருந்தபோது தாமஸ் ரயில் கார்ட்டூன்மேல் அவ்வளவு பிரியமாம், அதனால் டாம் கிம் என்றே இன்று உலகம் அழைக்கிறது.

கிம்முடைய அப்பா கோல்ஃப் பயிற்றுநர். ஆஸ்திரேலியா, பிலிப்பீன்ஸ், தாய்லாந்து என்று குடும்பம் ஊர் ஊராக மாறியது. 15 வயதில் தொழிலுக்கு வந்தவர், ஆசியன் டூருக்குக் கீழே உள்ள ஆசிய மேம்பாட்டு டூரில் ஆடினார். அங்கே பரிசு சின்னது. 1 லட்சம் டாலர் போட்டியில் வென்றவருக்கு 17,500தான். 2019இல் அங்கே மூன்று போட்டிகளை வென்றார், அதில் ஒன்று மலேசியாவில் நடந்தது. ஒரே ஆண்டில் மூன்று வென்றவருக்கு உடனே மேல் டூரில் இடம் உண்டு. ஏறிய சூட்டோடு அதே ஆண்டு இந்தியாவில் நடந்த ஆசியன் டூர் போட்டியையும் வென்றுவிட்டார். அப்போது வயது 17.

2021 நவம்பரில் தாய்லாந்தின் புக்கெட் தீவில் ஆட்டம் திரும்பியது. அடுத்தடுத்து இரண்டு போட்டிகள், ஒவ்வொன்றுக்கும் 10 லட்சம் டாலர். முதலாவதைத் தைவானின் சான் ஷீ சாங் வென்றார். இரண்டாவது தாய்லாந்தின் பச்சாரா கொங்வாட்மாய்க்குப் போனது. 20 மாதம் போட்டி மைதானத்தை மிதிக்காதவரும் சொந்த ஊரில் ஆடிக்கொண்டே இருந்தவரும் ஒரே கோட்டை நோக்கி ஆடினார்கள். கோடு யாருக்காகவும் இறங்கி வரவில்லை.

பிறகு 2022 ஜனவரி, சிங்கப்பூர். தானா மேராவில் சிங்கப்பூர் இன்டர்நேஷனல் போட்டியைக் கூடுதல் ஆட்டத்தில் கிம் வென்றார். மறுவாரம் செந்தோசாவில் சிங்கப்பூர் ஓபன், சீசனின் கடைசிப் போட்டி. அதைத் தாய்லாந்தின் சாடோம் கியூகஞ்சனா மூன்று அடி வித்தியாசத்தில் வென்று 2 லட்சத்து 25 ஆயிரம் டாலர் வாங்கினார். கிம் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். பட்டியலை மூடியபோது ஐந்து லட்சம் டாலருக்குச் சற்று மேலான தொகையோடு அவர்தான் முதலிடம். சீசன் தொடங்கியபோது 17 வயது, முடிந்தபோது 19. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் பிஜிஏ டூரிலும் ஒரு போட்டியை வென்று அங்கேயே தங்கிவிட்டார்.

செந்தோசாவில் ஆட்டம் முடிந்தது ஜனவரி 23ஆம் தேதி. அடுத்த சீசன் பிப்ரவரி 3ஆம் தேதி சவூதி அரேபியாவில் 50 லட்சம் டாலர் போட்டியோடு தொடங்கியது. இடையில் ஓய்வு 10 நாள். பட்டியலில் கிம்முக்கும் 60ஆம் இடத்தில் தப்பித்தவருக்கும் நேராக மீண்டும் பூஜ்யம்.