டாக்டர் படிப்பில் நம் வழக்கமும் ஒரு பாடம்



லாங் பஜாருக்குச் சாமான் வாங்கப் போனால் அப்படியே சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கும் ஒரு நடை போய் வருவது வேலூர் பக்கத்துப் பெண்களுக்குப் பழக்கம்தான். ஆனால் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் பாதி சங்கதியை முழுங்கிவிடுகிறோம். ஆம்பளை டாக்டர்னா கேட்கவே வேண்டாம். வெள்ளைப்படுதலுக்குப் போய், "இடுப்பு வலிக்குதுங்க" என்று மட்டும் சொல்லி மாத்திரை வாங்கி வருகிறவர்கள் நம் குழுக்களில் எத்தனையோ பேர்.

உடம்பு தனியாக இல்லை. வெட்கம், வழக்கம், சாதி, ஆண் பெண் வித்தியாசம் எல்லாம் அதோடு பின்னிக் கிடக்கின்றன. அதனால்தான் இவற்றைச் சேர்த்தே கற்றுக்கொடுக்கும் பாடங்கள் கல்லூரிகளில் வந்திருக்கின்றன.

இதற்கு நம் வேலூரே நல்ல சாட்சி. ஐடா ஸ்கடர் அம்மையார் இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் தந்தையுடன் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவியைக் காப்பாற்றக் கேட்டார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் வேறு சாதி இந்து. தந்தை டாக்டர்தான். ஆனால் ஆண் என்பதால் மூவருமே வேண்டாம் என்றுவிட்டார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். மருந்து இல்லாமல் அல்ல, வழக்கத்தால் போன உயிர்கள். பிறகு அவர் அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்து, 1900ல் வேலூரில் வேலையைத் தொடங்கினார். 1918ல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி ஆரம்பித்தார். எம்.பி.பி.எஸ்.ஸில் ஆண்களைச் சேர்த்தது 1947ல்தான்.

அதே கல்லூரியின் முதலாண்டு மாணவர்கள் கிராமத்தில் தங்கி, வீடு வீடாகப் போய் குடும்பம், வருமானம், தண்ணீர், சாப்பாடு, நம்பிக்கை எல்லாம் விசாரிக்கிறார்கள். கே.வி.குப்பம் ஒன்றியத்தில் 1977 முதல் இயங்கும் ரூசா மையமும் மருத்துவத்தோடு சமூக வேலையையும் சேர்த்தே செய்து வருகிறது. 2019ல் இந்தியா முழுக்க எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் மாறியது. நோயாளியிடம் எப்படிப் பேசுவது, எப்படி மரியாதை காட்டுவது என்பதும் அதில் பாடம். 2022லிருந்து ஒவ்வொரு மாணவரும் கிராமத்துக் குடும்பங்கள் சிலவற்றைத் தத்தெடுத்துத் தொடர்ந்து போய்ப் பார்க்க வேண்டும்.

நிறமும் இனமும் எங்கே வருகிறது என்று கேட்கலாம். கொரோனா சமயத்தில் விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்த்த கிளிப் ஞாபகம் இருக்கிறதா? அது தோல் வழியாக ஒளியை அனுப்பி அளக்கிறது. கறுத்த தோலில் உண்மை அளவைவிடக் கூடுதலாகக் காட்டிவிடுகிறது என்று 2020ல் அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது. கறுப்பின மக்களில் பலருக்கு மூச்சு குறைந்திருந்தும் கருவி "நல்லாத்தான் இருக்கு" என்றது. வெள்ளைத் தோலையே மனசில் வைத்துச் செய்தால் இப்படித்தான் ஆகும். எடைக் கணக்கும் அப்படியே. ஐந்தடி உயரப் பெண் 58 கிலோவைத் தாண்டினால் அதிக எடை என்பது வெளிநாட்டுக் கணக்கு. நம்மவர்களுக்குச் சர்க்கரை நோய் சீக்கிரம் வருவதால், நமக்கு 53 கிலோவிலேயே கவனம் வேண்டும் என்கிறார்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிற சகோதரிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றுக்குப் போக இடமோ நேரமோ கிடைக்காத பெண், தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வாள். நீர்க்கடுப்பு வரும். "தண்ணி நிறைய குடிங்க" என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் அவள் என்ன செய்வாள்? "வேலை இடத்துல கக்கூஸ் வசதி இருக்காம்மா?" என்று கேட்கத் தெரிந்தவரே வியாதியைப் பிடிக்க முடியும். தோல் பதனிடும் இடத்தில் வேலை செய்பவரின் கை அரிப்புக்கும் இதே கதைதான். களிம்பு மட்டும் கொடுத்தால் போதாது. குரோமியம் கலந்த தண்ணீரில் கையுறை இல்லாமல் கை வைக்கிறாரா என்றும் கேட்க வேண்டும். சாதியைக் காட்டி அந்த வேலையைக் கேவலமாகப் பார்க்கிறவரிடம் யார் வாய் திறந்து சொல்வார்கள்?

ஆகவே, மாணவர்கள் பாரத்தோடு ஊருக்கு வரும்போது "இவங்களுக்கு வேற வேலை இல்ல" என்று அனுப்பிவிடாதீர்கள். உள்ளதைச் சொல்லுங்கள். சொல்லப் பிடிக்காத கேள்விக்கு "பிடிக்கலை" என்று சொல்லவும் நமக்கு உரிமை உண்டு. விவரம் எதற்கு, யார் பார்ப்பார்கள் என்றும் கேளுங்கள். கணக்கெடுத்து முடித்ததும் குழுக் கூட்டத்துக்கு வந்து, நம் ஊரில் என்ன கண்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள். சும்மா எழுதிக்கொண்டு போவதில் நமக்கென்ன லாபம்?

பிளஸ் டூ முடித்த நம் பெண்பிள்ளைகளுக்கும் இந்த வழியில் படிப்பு உண்டு. சமூகப்பணி, பொது சுகாதாரம், மகளிரியல் என்று தனித்தனிப் பட்டங்கள் இருக்கின்றன. சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் 1952 முதல் நடக்கிறது. கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் 1984ல் தொடங்கப்பட்டது. "டாக்டர், நர்ஸ் ஆகலைன்னா ஆஸ்பத்திரியில என்ன வேலை?" என்று நினைக்க வேண்டாம். நோயாளி குடும்பத்தோடு பேசி உதவும் சமூகப் பணியாளர்கள் பெரிய ஆஸ்பத்திரிகளில் இருக்கிறார்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்கள் மேற்படிப்புக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. கல்லூரியில் சேரும் அன்றைக்கே அலுவலகத்தில் அதற்கான விவரம் கேட்டு, பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கும் ஆதாரும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.