சங்கத்திற்கு ஏற்ற கணினி எது?

கூட்டுறவுக்குக் கணக்கே உயிர். 1904ஆம் ஆண்டில் திருவள்ளூரை அடுத்த திரூரில் வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றிய நாள்தொட்டு, அங்கத்தினர் சங்கத்தின்மீது வைத்துள்ள நம்பிக்கை பேரேட்டின் பக்கங்களிலேயே தங்கியிருக்கிறது. அந்தப் பேரேடு இப்பொழுது கணினிக்குள் புகுந்து வருகிறது. நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களின் கணக்குகளைக் கணினிமயமாக்க, 2,516 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

நெசவாளர் சங்கமோ, பிற சிறு சங்கமோ தன் சொந்த நிதியிலிருந்து கணினி வாங்க முற்படும்பொழுது, நிர்வாகக் குழுவின் முன் ஒரு கேள்வி எழுகிறது. மேசைக் கணினியா, மடிக்கணினியா, டேப்லெட் என்று வழங்கும் பலகைக் கணினியா? விலைப் பட்டியலைப் பார்த்து இதற்கு விடை காண்பதைவிட, வேலைப் பட்டியலைப் பார்த்து விடை காண்பதே முறையாகும். 40ஆம் நம்பர் நூலுக்கும் 100ஆம் நம்பர் நூலுக்கும் ஒரே அச்சைப் பூட்டி நெய்ய எந்த நெசவாளரும் துணியமாட்டார். கணினி விஷயத்திலும் அந்த அறிவே நமக்கு வழிகாட்ட வேண்டும்.

மூவகை வேலைகள்

சங்கத்தின் வேலைகளை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, ஓரிடத்தில் அமர்ந்து செய்யும் வேலை. நூலை நிறுத்துக் கொடுத்ததைப் பதிதல், துணி வரவு வைத்தல், கூலிக் கணக்கு, ரொக்கப் புத்தகம், கடன் தவணை, உர இருப்பு ஆகியன இதில் அடங்கும். இவ்வேலை நாள் முழுவதும் நடப்பது; பத்திப் பத்தியாக எண்களைப் பார்க்க வேண்டுவது. இதற்கு 21 அல்லது 24 அங்குலத் திரை கொண்ட மேசைக் கணினியே உகந்தது. மடிக்கணினியின் திரை பெரும்பாலும் 14 அல்லது 15 அங்குலம்; பலகைக் கணினியின் திரையோ 10, 11 அங்குல அளவினதே. சிறு திரையில் ஒரு வரியின் தொகையை மறு வரியில் ஏற்றிவிட்டால், நெசவாளியின் கூலியன்றோ தவறிப்போகிறது!

இரண்டாவது, இடம் மாறிச் செய்யும் வேலை. கண்காட்சி விற்பனை, மாவட்ட அலுவலகத்தில் கணக்கு ஒப்புவித்தல், பயிற்சி வகுப்பு ஆகியவற்றிற்கு மடிக்கணினி உதவும். மூன்றாவது, நின்றும் நடந்தும் செய்யும் வேலை. வயலில் நோயுற்ற பயிரைப் படம் எடுத்தல், கொள்முதல் நிலையத்தில் எடையைக் குறித்தல், வாங்க வந்தவருக்குச் சேலையின் நிறங்களைக் காட்டுதல் ஆகியவற்றிற்குப் பலகைக் கணினி ஏற்றது. ஆனால் கணக்குக்கான மென்பொருள்கள் பல, பலகைக் கணினியில் இயங்குவதில்லை. இதனை வாங்கும் முன்னரே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

வடிவமைப்பு வேலையும் மேசையைச் சேர்ந்ததே. பிரான்ஸில் லியோன் நகரத்து ஜக்கார்டு 1804ஆம் ஆண்டு வாக்கில் துளையிட்ட அட்டைகளால் தறியில் பூவேலையை இயக்கிக் காட்டினார். துளை அட்டையில் செய்தியைப் பதிக்கும் முறையே பின்னர் 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள் தொகைக் கணக்கெடுப்பு இயந்திரங்களிலும் பயன்பட்டது. ஆதலின் கணினிக்கு நெசவாளர் அந்நியரல்லர். முந்தானையின் வடிவத்தைக் கட்டம் கட்டமாகத் திருத்துவோருக்குப் பெரிய திரை ஆடம்பரம் அன்று, அது தேவை.

செலவும் பராமரிப்பும்

ஒரே விலைக்கு மடிக்கணினியைவிட மேசைக் கணினியில் கூடுதலான ஆற்றல் கிடைக்கும். விசைப்பலகை பழுதானால் அதனை மட்டும் மாற்றலாம். திரை போனால் திரையை மட்டும் வாங்கலாம். மடிக்கணினியில் இவை ஒன்றோடொன்று பிணைந்திருத்தலால் பழுதுச் செலவு மிகும். பலகைக் கணினியிலோ, கண்ணாடி உடைந்தால் புதிதாக வாங்கிவிடலாமே என்னும் நிலை பல வேளைகளில் ஏற்படுகிறது.

மடிக்கணினிக்கு இரண்டு சிறப்புகள் உண்டு. மின்சாரம் நின்றாலும் அது சில மணி நேரம் ஓடும். மின் செலவும் குறைவு. மேசைக் கணினி திரையுடன் 100 வாட் எடுப்பதாகக் கொண்டால், நாளொன்றுக்கு 8 மணி வீதம் 25 நாட்களுக்கு 20 யூனிட் ஆகும். மடிக்கணினி 40 வாட் எனின் 8 யூனிட். மாதத்திற்கு 12 யூனிட் வேறுபாட்டிற்காக முடிவை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் மேசைக் கணினியுடன் யு.பி.எஸ். கருவியையும் சேர்த்தே விலை கணக்கிட வேண்டும். மின்சாரம் நின்றதும் வேலையைச் சேமித்து முறையாக நிறுத்துவதற்கு அது சிறிது அவகாசம் தரும்.

பழைய கணினி மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குவோர் எச்சரிக்கையாக இருத்தல் நலம். விண்டோஸ் 10 அமைப்பிற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிவுற்றது. விண்டோஸ் 11 அமைப்பைப் பழைய கணினிகள் பல ஏற்பதில்லை. அதற்குக் குறைந்தது 4 ஜி.பி. நினைவகம் வேண்டுமென்பது விதியாயினும், தடையின்றி வேலை செய்ய 8 ஜி.பி. நினைவகமும் எஸ்.எஸ்.டி. சேமிப்பும் இருப்பது நன்று.

தமிழில் கடிதம் எழுதுவோர் விசைப்பலகையையும் கருத வேண்டும். 1999ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட தமிழ்99 முறையில் உயிரெழுத்துக்கள் இடப்புறமும் மெய்கள் பெரிதும் வலப்புறமும் அமைந்து, இரு கைகளுக்கும் வேலையைப் பகிர்ந்தளிக்கின்றன. கண்ணாடித் திரையில் ஒற்றை விரலால் தட்டுவோருக்கு இந்த வேகம் வாய்ப்பதில்லை.

பொதுச் சொத்து என்னும் நினைவு

இவற்றையெல்லாம்விட முக்கியமானது ஒன்றுண்டு. சங்கத்தின் கணினி தனி ஒருவருடையதன்று. பங்குத் தொகை செலுத்திய ஒவ்வோர் அங்கத்தினருடையது. மேசைக் கணினி அலுவலகத்திலேயே இருக்கும். செயலாளர் விடுப்பில் சென்றாலும் அடுத்தவர் அமர்ந்து கூலிப் பட்டுவாடாவை நடத்தலாம். மடிக்கணினி ஒருவர் பையோடு வீட்டிற்குச் சென்றுவிட்டால், கணக்கும் அவரோடு சென்றுவிடுகிறது. ஆகவே, சங்கம் வாங்கும் முதற் கணினி மேசைக் கணினியாகவே இருக்கட்டும். வெளி வேலை பெருகிய பின் மடிக்கணினியைச் சேர்த்துக்கொள்ளலாம். பலகைக் கணினி மூன்றாவதாக வரட்டும் என்பதே நம் முடிவான கருத்து.

அங்கத்தினர் இல்லத்திற்கு இந்த வரிசை பொருந்தாது. கல்லூரியில் பயிலும் பிள்ளைக்கு மடிக்கணினியே ஏற்றது. தமிழக அரசு 2011ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டத்தின்கீழ்ப் பெற்ற மடிக்கணினி வீட்டில் இருப்பின், புதியது வாங்குமுன் அதற்கு எஸ்.எஸ்.டி. பொருத்திப் பார்க்கலாமா என்று பழுது பார்ப்பவரிடம் கேட்பது சிக்கனமாகும். சந்தை விலையையும் வானிலையையும் மட்டும் பார்க்க விரும்பும் விவசாயிக்குக் கையிலுள்ள செல்பேசியே போதும். அதற்கெனக் கடன் வாங்க வேண்டியதில்லை.

எக்கணினியாயினும் ஒவ்வொரு நாளும் கணக்கின் பிரதி ஒன்றை வேறிடத்தில் சேமித்தல் கட்டாயம். கணினி போனால் மற்றொன்று வாங்கலாம். கணக்கு போனால் நம்பிக்கையை எந்தக் கடையில் வாங்குவது?

வாங்குமுன் நான்கு வினாக்களை ஒரு தாளில் எழுதி நிர்வாகக் குழுவின் முன் வையுங்கள். யார் பயன்படுத்துவார்? எங்கே? நாளுக்கு எத்தனை மணி நேரம்? எந்த மென்பொருளைக் கொண்டு? இவற்றிற்கு விடை எழுதிய பின் விலைப்புள்ளிகளைக் கோருங்கள். உத்தரவாதக் காலத்தையும், அருகில் பழுது பார்க்கும் வசதியையும் ஒப்பிடுங்கள். அங்கத்தினரின் பணம் அவர்தம் வேலைக்கே பயன்பட வேண்டும் என்னும் கொள்கையை மனத்திற் கொண்டு, நம் சங்கங்கள் ஆராய்ந்து வாங்குமாக!