பாஸ் பாடிவிட்டார்... அடுத்து நீங்கள்!

ஜப்பானுக்கு ஆன்சைட் போகிற நம்ம பையன்களுக்குக் கம்பெனியில் என்னென்னமோ சொல்லித் தருகிறார்கள். விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் நீட்ட வேண்டும். ரயிலில் செல்போனில் பேசக் கூடாது. நூடுல்ஸைச் சத்தம் போட்டு உறிஞ்சலாம், தப்பில்லை. எல்லாம் சரி. ஆனால், வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு, சோபா போட்ட ஒரு குட்டி அறையில், டையைத் தளர்த்திக்கொண்டு பாடி முடித்த மேனேஜர் மைக்கை உங்கள் பக்கம் நீட்டுவாரே... அப்போது என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை!

நான் பி.காம். சங்கீதத்துக்கும் எனக்கும் உள்ள சொந்தம் பாத்ரூம் வாசலோடு சரி. ஆனால், டோக்கியோவில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் இரண்டு வருஷம் குப்பை கொட்டியதில் ஒன்று புரிந்தது. கராவோகே அங்கே வெறும் பொழுதுபோக்கு இல்லை. பகலெல்லாம் வாயே திறக்காத மனுஷர்கள் வாய் திறக்கிற இடம் அது.

'கரா' என்றால் காலி. 'ஓகே' என்பது ஆர்க்கெஸ்ட்ராவின் சுருக்கம். ஆக, காலி ஆர்க்கெஸ்ட்ரா! 1967-ல் டோக்கியோவில் நெகிஷி ஷிகேயிச்சி என்பவர் இப்படி ஒரு மெஷின் செய்தார். ஆனாலும் நிறையப் பேர் பெயர் சொல்வது கோபே நகரத்து இனோவே தைசுகேவைத்தான். பார்களில் வாடிக்கையாளர்கள் பாட, பின்னால் வாசிப்பது அவர் வேலை. ஒரு கம்பெனி முதலாளி, "ஆபீஸ் டூருக்கு நீயும் வாப்பா, நீ வாசித்தால்தான் எனக்குப் பாட வருது" என்கிற மாதிரி கூப்பிட்டாராம். இனோவேவால் போக முடியவில்லை. அவர் குரலுக்குத் தோதாக வாசித்து டேப்பில் பதிவு செய்து கொடுத்தனுப்பினார். அந்த யோசனைதான் 1971-ல் 100 யென் காசு போட்டால் வாசிக்கும் மெஷினாக ஆனது. முதலில் செய்தது 11 மெஷின்கள். பேட்டன்ட் வாங்கவில்லை! (காமர்ஸ் படித்தவன் என்ற முறையில் இந்த இடத்தில் நான் இரண்டு நிமிஷம் மௌனம் அனுஷ்டிக்கிறேன்.) மனிதர்கள் ஒருவரை ஒருவர் சகித்துக்கொள்ள வழி கண்டவர் என்று 2004-ல் அவருக்கு 'இக் நோபல்' சமாதானப் பரிசு கொடுத்தார்கள். கிண்டல் பரிசுதான். ஆனால், அதில் நிஜம் இருக்கிறது.

கவனித்தீர்களா? அந்த டேப் பிறந்ததே, துணை இல்லாமல் பாட வராத ஒரு முதலாளிக்காக! அங்கே போய் நாம் எதற்கு வெட்கப்பட வேண்டும்?

"இங்கிலீஷ் பாட்டுப் பாடித் தப்பித்துவிடலாமே?" என்பீர்கள். தப்பிக்கலாம். கைதட்டுவார்கள். அத்தோடு சரி.

எங்கள் கம்பெனியில் மதுரைக்காரப் பையன் ஒருவன் இருந்தான். சைவம். பார்ட்டிகளில் எடமாமே என்கிற வேகவைத்த பச்சை சோயா மொச்சையைத் தவிர வேறெதுவும் அவன் வாய்க்குள் போகாது. வாயிலிருந்து வார்த்தையும் வராது. ஆறு மாசம் ஆபீஸில் அவனிடம் பேசியது, "குட்மார்னிங்" மட்டும்தான். ராத்திரி ரூமுக்கு வந்து அம்மாவுக்குப் போன் போட்டு, "இங்கே எல்லாரும் நல்லாப் பழகறாங்கம்மா" என்று பொய் சொல்வான். வருஷக் கடைசிப் பார்ட்டியில் அவன் ஒரே ஒரு ஜப்பானியப் பாட்டு பாடினான். சுருதி அவ்வளவாகச் சேரவில்லை. இரண்டாவது பல்லவிக்குள் அறை முழுக்கச் சேர்ந்து பாடியது. திங்கட்கிழமை மத்தியானம் பக்கத்து சீட் பெரியவர் அவன் மேஜைக்கு வந்து கேட்டார்: "சாப்டாச்சா? வா, காய்கறி மட்டும் போடற கடை ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன்."

பிரமோஷன் கிடைக்கவில்லை. ஆனால், அன்றைக்கு அம்மாவிடம் பொய் சொல்லவில்லை.

சரி, எந்தப் பாட்டு? பிடித்த பாட்டை எடுக்காதீர்கள். உங்கள் தொண்டை தாங்குகிற பாட்டை எடுங்கள். மூன்று பரீட்சை வையுங்கள். ஒன்று, ஒரு மூச்சில் எத்தனை எழுத்து ஓடுகிறது? இரண்டு, உச்ச இடத்தில் உங்களுக்குக் கழுத்து நரம்பு புடைக்கிறதா? மூன்று, ஐம்பது வயது மேனேஜருக்கும் இருபத்தைந்து வயது ஜூனியருக்கும் பாட்டுத் தெரியுமா? மூன்றாவதுதான் முக்கியம். நீங்கள் தடுமாறினாலும் அவர்கள் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்!

பாஸானவை இதோ:

'ஸன்போ' (1988): 'என் பக்கத்து வீட்டு டோட்டொரோ' கார்ட்டூன் படத்தில் வருவது. 'ஸன்போ' என்றால் நடைப்பயிற்சி. குழந்தைகள் மார்ச் போட்டுப் பாடுவது. வெட்கத்தைக் கழற்றி ஷூவோடு வெளியே வைக்கத் தயார் என்றால் இதைவிடச் சுலபம் வேறில்லை.

'உவே ஓ முயித்தே அருகோ' (1961): சகாமோத்தோ க்யூ பாடியது. 'மேலே பார்த்தபடி நடப்போம்' என்று அர்த்தம். கண்ணீர் கீழே சிந்தாமல் இருக்கத்தான்! அமெரிக்காவில் இதற்கு 'சுகியாகி' என்று மாட்டிறைச்சிச் சமையலின் பெயரை வைத்துவிட்டார்கள். பாட்டுக்கும் அதற்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது. 1963-ல் மூன்று வாரம் அங்கே நம்பர் ஒன். ஜப்பானிய மொழியில் அந்த இடத்தைப் பிடித்த பாட்டு இன்றுவரை இது ஒன்றுதான். நிதானமான நடை, நடுவில் கொஞ்ச நேரம் வெறும் விசில். விசிலடிக்க நமக்கு யாராவது சொல்லித் தரணுமா? பாடியவர் 1985 விமான விபத்தில் இறந்துபோனார். பெரியவர்கள் கண் கலங்கினால் பதறாதீர்கள்.

'செகாய் நி ஹிதொத்ஸு தகே நொ ஹனா' (2003): 'உலகத்திலேயே ஒரே ஒரு பூ'. மகிஹாரா நொரியுகி எழுதி, 2016-ல் கலைந்துபோன ஸ்மாப் குழு பாடியது. நம்பர் ஒன் ஆக முட்டி மோதாதே, நீ நீயாக இரு என்பது சாரம். கும்பலாகப் பாடினதால் உச்சஸ்தாயி வித்தையெல்லாம் இல்லை. மதுரைப் பையன் பாடியது இதுதான்.

'லிண்டா லிண்டா' (1987): ப்ளூ ஹார்ட்ஸ் என்கிற பங்க் குழுவின் பாட்டு. மெதுவாக ஆரம்பித்து, திடீரென்று எல்லாரும் குதிக்க வேண்டும். பல்லவியில் பெயரையே திரும்பத் திரும்பக் கத்தினால் போதும். சுருதி போனால் பங்க் என்று சொல்லிக்கொள்ளலாம்! 2005-ல் இதை வைத்தே ஒரு படம் வந்தது. ஜப்பானியப் பள்ளிக்கூடத்தில் படிக்க வந்த கொரியப் பெண்ணைப் பாடகியாகப் பிடித்துப் போடுவார்கள். பாஷை அரைகுறை, ஆனாலும் பாடுவாள். நம்ம கேஸ்தான்!

'நதா சோசோ': கண்ணீர் தாரை தாரையாக வழிவதைச் சொல்லும் ஓகினாவாப் பக்கத்துச் சொல். சின்ன வயசில் இறந்த அண்ணனை நினைத்து மொரியாமா ரியோகோ எழுதியது. மெட்டு, பிகின் என்ற குழு. ஆண்பிள்ளைகள் அவர்கள் பாடின வடிவத்தையே எடுங்கள். ரொம்ப மெதுவான பாட்டு. எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூட நேரமிருக்கும்.

கிட்டேயே போகக் கூடாதவை: யோஅசோபியின் 'யோரு நி ககெரு' (வார்த்தைகள் எக்ஸ்பிரஸ் வேகம்), ஹிகெதானின் 'ப்ரிடெண்டர்' (குரல் மொட்டை மாடியில் நிற்கும்), எக்ஸ் ஜப்பானின் 'குரெனாய்' (மறுநாள் லீவு இருந்தால் முயற்சிக்கலாம்).

இன்னொரு சந்தோஷ சமாசாரம். தமிழனுக்கு இந்தப் பாஷை பாட வரும்! அ, இ, உ, எ, ஒ என்று உயிரெழுத்து வரிசையே நம்ம வரிசைதான். பௌத்தப் பிக்குகள் இந்திய எழுத்துமுறை படித்ததன் பலன். குறில், நெடில் உண்டு. 'ஒபஸன்' என்றால் அத்தை, 'ஒபாஸன்' என்றால் பாட்டி. ஒற்று இரட்டிப்பதும் உண்டு. அமெரிக்கர்கள் திணறுகிற இதெல்லாம் நமக்கு ஒன்றாம் வகுப்புப் பாடம்.

வம்பு வேறு இடத்தில். பாட்டைத் தமிழில் எழுதி வைத்துப் படிப்பவர்கள், நடுவில் வருகிற 'க'வைப் பழக்கதோஷத்தில் மிருதுவாக்கிவிடுவோம். 'ககி'யில் இரண்டாவது எழுத்தையும் அழுத்திச் சொன்னால் சிப்பி. நம்ம வழக்கப்படி மிருதுவாகச் சொன்னால் சாவி! அதனால் மிருதுவாக ஒலிக்க வேண்டிய க, த, பக்களுக்கு மட்டும் அடிக்கோடு போட்டு வையுங்கள். வரிகளைக் காதால் மனப்பாடம் செய்வது உத்தமம். ஸ்க்ரீனில் சீன எழுத்துக்கு மேலே பொடி எழுத்தில் உச்சரிப்பு ஓடும். ஹிரகானா 46 எழுத்து தெரிந்தால் அதையும் பிடித்துக்கொள்ளலாம்.

ஒத்திகைக்கு அங்கேயே இடம் உண்டு. தனியாகப் போய்ப் பாடுவதற்கு 'ஹிதொகரா' என்றே பெயர். வேலை நாளில் பகல் நேரம் வாடகை குறைவு. யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள். ரிமோட்டில் 'கீ' பட்டனைத் தட்டி இரண்டு மூன்று படி இறக்கிப் பாருங்கள். எந்த எண்ணில் தொண்டை சிரிக்கிறதோ அதை டைரியில் குறித்துக்கொள்ளுங்கள். 'கைடு மெலடி' சத்தத்தைக் கூட்டினால் மெட்டும் கூடவே வரும்.

கடைசியாக, சபை மரியாதை. ஒவ்வொருவருக்கும் ஆஸ்தானப் பாட்டு ஒன்று இருக்கும். 'ஜூஹாச்சிபான்' என்பார்கள், 'பதினெட்டாம் நம்பர்' என்று அர்த்தம். கபுகி நாடகக் குடும்பம் ஒன்று பொறுக்கி வைத்த 18 நாடகங்களிலிருந்து வந்த வழக்கு என்கிறார்கள். மேனேஜரின் பதினெட்டாம் நம்பரை நீங்கள் பாடக் கூடாது. அவரைவிட மோசமாகப் பாடினாலும் ஆபத்து, நன்றாகப் பாடினால் பேராபத்து! மார்க் போடுகிற வசதியை யாராவது ஆன் செய்ய வந்தால் நைசாகத் தடுங்கள். அடுத்தவர் பாடும்போது செல்போனை நோண்டாதீர்கள். அறையில் இருக்கும் கஞ்சிராத் தம்பியான டாம்பரினை எடுத்துத் தட்டுங்கள். தாளம் பிடிக்கிறவனை எந்த ஊரிலும் வெறுக்க மாட்டார்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. முதல் பாட்டு நன்றாகப் போய்விட்டால் அடுத்த வெள்ளிக்கிழமையும் கூப்பிடுவார்கள். அதனால், விமானம் ஏறும் முன் இரண்டு பாட்டாகத் தயார் செய்துகொண்டு போங்கள்!