குட்டிகள் எங்கே போயின?

வீட்டு நாய் சினையாகிவிட்டது என்று எல்லாரும் மகிழ்ந்திருப்பார்கள். மூன்று நான்கு வாரத்தில் காம்புகளும் சிவக்கும். ஆனால் வயிறு பெருக்காது. நாள் கடந்தும் குட்டி பிறக்காது. உடனே, "யாரோ கண் வைத்துவிட்டார்கள்" என்பார் ஒருவர். "மலட்டு நாய், விரட்டிவிடு" என்பார் இன்னொருவர். வாயில்லா ஜீவன் என்ன பதில் சொல்லும்?

நாயின் கர்ப்பகாலம் ஏறக்குறைய 63 நாள்கள். முதல் 35 நாள்களுக்குள் கரு இறந்துபோனால், பெரும்பாலும் அது வெளியே வருவதில்லை. தாயின் உடலே அதைக் கரைத்து உறிஞ்சிக்கொள்கிறது. ஒன்றிரண்டு கருக்கள் இவ்வாறு கரைந்துபோக, மற்றவை நல்லபடியாகப் பிறப்பதும் உண்டு. அதன்பின் இறந்தால் குறைப்பிரசவமாகலாம்.

முன்பு கண்ணுக்குத் தெரியாதிருந்த இதை இன்று ஸ்கேன் காட்டிவிடுகிறது. உலோகத்தில் விரிசல் தேடப் பயன்பட்ட ஒலிக்கருவியைக் கொண்டு, கிளாஸ்கோ நகரத்து டாக்டர் இயன் டொனால்ட் பெண்களின் வயிற்றைச் சோதித்தார். அந்த ஆய்வை 1958இல் வெளியிட்டார். அதே முறைதான் இன்று நாய்களுக்கும் உதவுகிறது. காதுக்குக் கேளாத ஒலியை வயிற்றுக்குள் அனுப்பி, திரும்பிவரும் எதிரொலியைப் படமாக்குகிறார்கள். நாய்க்கு வலியே இல்லை.

சுமார் 25 நாளில் கருப்பைக்குள் கறுப்பு நீர்ப்பைகள் தெரியும். அவற்றுள் கருவின் இதயம் மினுக்மினுக்கென்று துடிக்கும். மறுமுறை பார்க்கையில் துடிப்பு நின்று, பை சுருங்கியிருந்தால் கரு கரைகிறது என்று பொருள். இணைந்த நாளும் கருத்தரித்த நாளும் ஒன்றாக இருப்பதில்லை. ஆகவே முதல்முறை ஒன்றும் தெரியாவிட்டால், ஒரு வாரம் கழித்து மீண்டும் பார்ப்பது நல்லது. குட்டிகளை எண்ணுவதற்கோ, 55 நாளுக்குப்பின் எடுக்கும் எக்ஸ்ரேதான் ஏற்றது.

சினையாகாத நாய்க்கும் மடியில் பால் சுரப்பதுண்டு. இது பொய்ச்சினை; பெரும்பாலும் தானே சரியாகிவிடும். ஆனால் பருவம் முடிந்த சில வாரங்களில் நாய் ஓயாமல் தண்ணீர் குடித்து, உண்ண மறுத்துச் சோர்ந்து கிடந்தால் அலட்சியம் வேண்டாம். கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். சீழ் வெளியே வராவிட்டாலும் உயிருக்கு ஆபத்துதான். ஸ்கேன் இதையும் காட்டிக்கொடுக்கும்.

கரு கலைவதற்குக் காரணங்கள் பல. புருசெல்லா கேனிஸ் என்னும் கிருமி அவற்றுள் ஒன்று. அது மனிதரையும் தொற்றும். ஆகவே குறைப்பிரசவமான குட்டிகளை வெறுங்கையால் தொடாதீர்கள். சிறுவர்களை அருகில் விடாதீர்கள். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

நாய் இணைந்த நாளை காலண்டரில் குறித்து வையுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். கண்ட மருந்தைத் தாமாகக் கொடுக்காதீர்கள். இரவெல்லாம் நம் வாசலைக் காக்கும் ஜீவனைப் பழி சொல்லி விரட்டுமுன், அதன் வயிற்றுக்குள் என்ன நடந்தது என்று கேட்டறிவது நம் கடமையல்லவா?